கொடிவழியில் ஒரு வெற்றுக் கட்டம்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்ட நண்பர்கள், முத்துக்குளித்துறை பற்றியோ நெய்தற்பாடல்கள் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்று எண்ணியிருக்கக்கூடும். வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி என்னை வேறு திசைக்கு இழுத்துவிட்டது. முதுகலை மாணவியர்க்குச் சிற்றிலக்கியத் தாளில் 'சேதுபதி விறலிவிடு தூது' நடத்திக்கொண்டிருந்தேன். பாட்டுடைத் தலைவரின் மரபை விளக்கச் சேதுபதிகளின் கொடிவழியைக் கரும்பலகையில் வரைந்தேன். கிழவன் சேதுபதி என்று எழுதி, அதன்கீழ்ப் பக்கவாட்டில் ஒரு கோடிழுத்துப் பவானி சங்கரன் என்று எழுதினேன். "ஏன் அம்மா, அந்தக் கோடு மட்டும் கோணலாய்ப் போகிறது?" என்றாள் ஒருத்தி. அவர் அரசரின் மகனேயாயினும் பட்டத்து மனைவி வயிற்றில் பிறந்தவரல்லர் என்றேன். "அப்படியென்றால் அவர் தாயார் பெயர் என்ன?" என்றாள். நாம் பயிலும் வரலாற்று நூல்கள் அப்பெண்ணைப் பெயர் கூறாமலே கடந்துவிடுகின்றன. நானும் இருபதாண்டுகளாக அவ்வாறே கடந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டிற்கு வந்து பழைய பாடக்குறிப்பைப் புரட்டினேன். 'கிழவன் சேதுபதி ஆண்டார்' என்றும், 'பவானி சங்கரன் கைப்பற்றினான்' என்றும் என் கையெழுத்திலேயே இருந்தது. தந்தைக்கு ஆர் விகுதி. மகனுக்கு ஆன் விகுதி. இலக்கணம் கற்பிப்பவள் எழுதிய குறிப்பு அது!

கிழவன் சேதுபதியின் நாடு நம் முத்துக்கரைக்கு அயல்நாடன்று. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், முத்துச்சலாபத்திலும் சங்கு குளிப்பிலும் சேதுபதிக்கிருந்த உரிமைகளை மறுக்கவும் இயலாமல், மனமுவந்து ஏற்கவும் இயலாமல் அவரோடு உறவாடியும் பூசலிட்டும் வந்தனர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருடைய நண்பர். போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கற்கோட்டை எழுப்பியவரும், மதுரை நாயக்கரின் மேலாண்மையை உதறியவரும் இவரே. இத்தனை பெருமைக்குரியவர் 1710இல் எண்பது வயதைக் கடந்து மறைந்தபோது, அவருடைய மனைவியர் நாற்பத்தெழுவர் உடன்கட்டை ஏறினர் என்று இயேசு சபைத் துறவி ஒருவரின் கடிதம் கூறுகின்றது. நாற்பத்தேழு என்ற எண் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதாவது, யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார்; பெயர் கேட்டிலர்.

அவர்களுள் காதலி நாச்சியார் பெயர் நிலைத்திருப்பது எதனால்? அவருடைய உடன்பிறந்தார் இரகுநாதத் தொண்டைமானுக்குக் கிழவன் சேதுபதி புதுக்கோட்டைப் பகுதியை அளித்தார். அங்கே ஓர் அரசமரபு தோன்றியது. நிலத்தோடு பிணைந்ததால் பெயர் பிழைத்தது. மற்றொரு பெயரை நம் கரையில் சிறு பிள்ளைகளும் அறிவர். ஓரியூருக்குப் பயணம் போய்ச் செம்மண் எடுத்து வருவோர் வாயில் கடலாயி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, மனைவியருள் ஒருவரை மட்டுமே வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்க வேண்டும் என்பது விதியாயிற்று. விலக்கப்பட்டவருள் இளையவரான கடலாயி சேதுபதியின் உறவுமகள். அவர் சென்று முறையிட, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை துணிக்கப்பட்டது. அருளானந்தரை 1947இல் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்கள். கடலாயியின் பெயர் பழியோடு நின்றது. அவரோடு விலக்கப்பட்ட ஏனைய பெண்கள் அதன்பின் எங்குச் சென்றனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்று அக்கதையைச் சொல்வோர் யாரும் நின்று வினவுவதில்லை. புனிதரின் பெருமைக்கு இவ்வினா இழுக்காகாது என்பது என் துணிபு.

இனிப் பவானி சங்கரருக்கு வருவோம். 1710இல் அரியணைக்கு அவர் பெயரும் முன்வந்தது. பிறப்பைக் காரணம் காட்டி அவரை ஒதுக்கி, விஜயரகுநாத சேதுபதிக்கு முடிசூட்டினர். ஒதுக்கப்பட்டவர் ஓய்ந்திருக்கவில்லை, தஞ்சை மராத்தியரின் துணை நாடினார். 1720களில் அறந்தாங்கிப் போர்முனையில் கொள்ளை நோய் கண்டு விஜயரகுநாதர் மறைந்தார். அடுத்து வந்த தண்டத்தேவரும் நிலைக்கவில்லை. பாம்பாற்றுக்கு வடக்கிலுள்ள நிலத்தைத் தருவதாகப் பவானி சங்கரர் தஞ்சை மன்னருக்கு வாக்களித்தார், தஞ்சைப் படை வந்தது, அவர் சேதுபதியானார். 1710இல் தடையாக நின்ற பிறப்பு இப்போது தடையாகவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. தாய் மாறவில்லை, தந்தையும் மாறவில்லை, மாறியது பாம்பாற்றுக்கு வடகரை யாருக்கு என்பதே.

அவர் ஆட்சியில் நாலுகோட்டைப் பாளையத்தை இழந்தவர் சசிவர்ணத்தேவர். விஜயரகுநாதரின் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணந்தவர் அவர். அரசுரிமை கோரிய கட்டயத்தேவரும் தஞ்சையில் அடைக்கலம் புகுந்திருந்தார். வாக்களித்த நிலம் தன் கைக்கு வராத சினத்திலிருந்த தஞ்சை மன்னர் இவ்விருவர்க்கும் படை ஈந்தார். 1730ஐ ஒட்டி நிகழ்ந்த போரில் பவானி சங்கரர் தோற்றுச் சிறைப்பட்டார். சேதுநாடு ஐந்து கூறாக எண்ணப்பட்டது. மூன்று கூறு கட்டயத்தேவரிடம் இராமநாதபுரமாய் எஞ்சியது. இரண்டு கூறு சசிவர்ணத்தேவரிடம் சிவகங்கையாய்ப் பிறந்தது. பாம்பாற்றுக்கு வடக்கு தஞ்சைக்குப் போயிற்று. சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதரின் துணைவியே வேலு நாச்சியார்; கணவரை 1772இல் காளையார்கோவிலில் இழந்து 1780இல் நாட்டை மீட்டவர். வேலு நாச்சியாரைப் பாடாத கவிஞர் நம் வட்டத்தில் இல்லை. அவருடைய சிவகங்கை தோன்றுதற்கு, பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணின் மகன் அரியணை ஏறி இறங்கியதும் ஒரு காரணம் என்பதை நாம் பாடியதில்லை.

இதே தலைமுறைகளில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை இதனோடு வைத்துப் பார்த்தல் தகும். கிழவன் சேதுபதியின் காலத்தவனாகிய இரண்டாம் சார்லசு, போர்த்துக்கல் இளவரசி காத்தரீனை 1662இல் மணந்து பம்பாயைச் சீதனமாய்ப் பெற்றான். நம் தூத்துக்குடியை ஒல்லாந்தரிடம் இழந்த நான்காம் ஆண்டில், அதே ஒல்லாந்தரை அஞ்சிப் போர்த்துக்கல் தேடிக்கொண்ட துணை அது. காத்தரீனுக்குக் குழந்தை வாய்க்கவில்லை. ஆசைநாயகியர் வழியே சார்லசு தன் பிள்ளைகளென ஒப்புக்கொண்டோர் பதின்மருக்கு மேற்பட்டவர். அவர்களை அவன் மறைக்கவில்லை என்பதே வியப்பு. 'அரசன் மகன்' எனப் பொருள்படும் ஃபிட்சுராய் என்பதையே சிலர்க்குக் குடிப்பெயராக்கினான். கிராஃப்டன், ரிச்மண்டு, செயிண்ட் ஆல்பன்சு என்று கோமகன் பட்டங்கள் ஈந்தான். பார்பரா வில்லியர்சு, நெல் குவின் முதலிய தாய்மார் பெயர்கள் அந்நாட்டு வரலாற்றில் ஒளிக்கப்படவில்லை. எல்லாம் கிடைக்கும், அரியணை ஒன்று தவிர.

அந்த ஒன்றை வேண்டியவர் கதை பவானி சங்கரர் கதையை ஒத்தது. லூசி வால்ட்டர் என்பாளின் மகன் மான்மத்துக் கோமகன், தன் தாயை அரசன் முறைப்படி மணந்தான் என்ற பேச்சை நம்பியோர் துணையோடு 1685 ஜூனில் படையிறங்கினான். அவ்விருவரும் மணந்துகொண்டதற்கான சான்று ஒரு கரும்பெட்டியில் இருக்கிறது என்பது அந்நாளைய வதந்தி. ஜூலை 6இல் செட்சுமூர்க் களத்தில் தோற்றான். 15ஆம் நாள் தலையிழந்தான். ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இத்தகைய மகன் 'யாருக்கும் மகனல்லாதவன்'. பிறந்தபின் பெற்றோர் மணந்துகொண்டாலும் பிள்ளையின் குறை தீராது என்ற நிலை அங்கே 1926 வரை நீடித்தது. ஒரு மகனுக்கு 'அரசன் மகன்' என்றே பெயரிட்டுவிட்டு, அவனைச் 'சட்டத்தில் எவர் மகனும் அல்லன்' என்று சொல்லும் நாட்டை என்னென்பது!

அந்நாட்டார் இங்கே வந்து அறம் பேசிய கதை தஞ்சையில் உண்டு. 1736இல் துக்கோஜி மறைந்தபின் தஞ்சையில் அரியணைக் குழப்பம் மூண்டது. 1739இல் அதனை அடக்கி அமர்ந்தவர் பிரதாப சிங். அவர் துக்கோஜிக்கு அன்னபூர்ணா என்பாரிடம் பிறந்தவர். அன்னபூர்ணா 'கத்திக் கல்யாணம்' செய்துகொண்டவர். மணமகனின் இடத்தில் அவனுடைய வாளை வைத்து நிகழ்த்தும் மணம் அது. அதனை மணமென்பாரும் உளர். மணமன்று என்பாரும் உளர். அரியணையை இழந்த சாகுஜி 1749இல் ஆங்கிலேயரிடம் சென்றார். முறையான அரசர் இவரே, பிரதாப சிங் உரிமையற்றவர் என்று சொல்லிக்கொண்டு கும்பினிப் படை கிளம்பிற்று. இளம் படைத்தலைவன் ராபர்ட்டு கிளைவும் அதில் இருந்தான். கொள்ளிடக் கழிமுகத்துத் தேவிக்கோட்டை கைக்கு வந்தது. வந்தவுடன் பிரதாப சிங்கோடே உடன்படிக்கை செய்துகொண்டு, சாகுஜிக்கு உதவித்தொகை கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறப்பு வழக்கை மூட்டை கட்டினர். பிரதாப சிங் 1763 வரை ஆண்டார். அவர் மறைந்த ஐந்தாம் ஆண்டு இலண்டனில் தலைமையமைச்சராய் அமர்ந்தவர் மூன்றாம் கிராஃப்டன் கோமகன். சார்லசுக்கும் பார்பரா வில்லியர்சுக்கும் பிறந்த மகனின் வழித்தோன்றல்.

பின்னரும் இத்தொடர்பு விட்டபாடில்லை. நான்காம் வில்லியம் அரசனாவதற்கு முன் டோரத்தி ஜோர்டான் என்ற நாடக நடிகையோடு இருபதாண்டு வாழ்ந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றான். அவர்களுள் ஒருவர் பிரெடரிக்கு ஃபிட்சுகிளாரன்சு, 1850களில் பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதி. அவருடைய தங்கை அமீலியா, அக்காலத்தையொட்டிப் பம்பாய் ஆளுநராயிருந்த ஃபாக்லண்டு பிரபுவின் மனைவி. பிள்ளைகள் இந்தியாவில் ஆளவும் படை நடத்தவும் வந்தனர். தாய் 1816இல் பிரான்சு நாட்டில் வறுமையில் இறந்தாள்.

பிரதாப சிங்கின் தாய் பெயர் நமக்குத் தெரிகிறது. பவானி சங்கரரின் தாய் பெயர் நம் பாடநூல்களுக்கு எட்டவில்லை. முன்னவர் மகன் வென்று இருபத்துநான்கு ஆண்டு ஆண்டார்; பின்னவர் மகன் தோற்றார். வெற்றியோ நிலமோ பழியோ வந்து ஒட்டினாலன்றிப் பெண்ணின் பெயரைப் பழைய ஆவணங்கள் எளிதில் ஏந்துவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. லூசி வால்ட்டர் இதற்கு விலக்கு. அவள் மகன் தோற்றான், அவள் பெயரோ நின்றது. மான்மத்தின் உரிமை முழுதும் அவள் மணமானவளா என்ற ஒரு கேள்வியில் தொங்கியமையால், பகைவரும் அவள் பெயரைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. பவானி சங்கரரின் தாய் பற்றி அக்கேள்வி எழுந்ததாகவே நாம் படிக்கும் நூல்கள் காட்டவில்லை.

இவ்விடத்தில் நம் இலக்கியத்தை நோக்காது போதல் முறையன்று. காதற்பரத்தை, இற்பரத்தை, சேரிப்பரத்தை, காமக்கிழத்தி என்று எத்துணை நுட்பமாக வகுத்தனர் நம் முன்னோர்! மருதத்திணையில் புதல்வன் வருகிறான். ஊடல் தீர்க்கும் வாயிலாகவும் வருகிறான். தெருவில் விளையாடும் அப்புதல்வனைப் பரத்தை ஆசையோடு தழுவிக்கொள்வதையும், அதனைத் தலைவி காண்பதையும் அகநானூறு காட்டும். ஆனால் அவன் தலைவியின் மகன். பரத்தைக்குப் பிறந்த பிள்ளை ஒன்று தெருவில் ஓடுவதை மருதப்பாடல்களில் நான் கண்டதில்லை.

அந்தப் பிள்ளை முதன்முதலில் தலைநிமிர்ந்து நடப்பது காப்பியத்தில்தான். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலைக்குத் தனிக்காப்பியமே வாய்த்தது. அரசன் மகளல்லள், வணிகன் மகள். ஆயினும் அரசிளங்குமரன் அவளைத் தன் உடைமைபோல் எண்ணித் தொடர்ந்தமைக்கு அவள் பிறப்பே காரணம். மாதவி அதற்கு விடையாகச் செய்தது யாது? தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றாள். மகளுக்கு மதிப்புத் தேட, தாய் தன்னையே கொடிவழியினின்று அழித்துக்கொள்கிறாள். பவானி சங்கரரின் தாயை வரலாறெழுதியோர் விடுத்தனர்; மாதவி தானே தன்னை விடுத்தாள். எது கொடிது என்று என் மாணவியர் இரண்டு வகுப்பு நேரம் வாதிட்டனர். நான் இடைபுகவில்லை.

அதே காப்பியத்தில் சோழன் நெடுமுடிக்கிள்ளி கடற்கரைச் சோலையில் நாககன்னி பீலிவளையோடு ஒரு திங்கள் வாழ்ந்த செய்தியும் வருகிறது. அவள் ஈன்ற மகன் வந்த கப்பல் உடைந்தது. மகனைத் தேடிய மன்னன் இந்திரவிழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. சோழனுக்கும் நாகமகளுக்கும் பிறந்த பிள்ளை தொண்டைக்கொடியை அடையாளமாய்ப் பூண்டு கடல்வழியே வந்து சேர்ந்து தொண்டைமான் ஆன கதையை நச்சினார்க்கினியரும் உரைக்கிறார். இடுப்பிலோ காலிலோ ஒரு கொடியைக் கட்டினால்தான் தந்தைக்கு மகனைத் தெரியும் போலும்.

சேதுபதி அவைக்கே மீள்வேன். இரகுநாத சேதுபதி மீது அமிர்த கவிராயர் பாடிய ஒருதுறைக்கோவையில், தலைவி நாணிக் கண்புதைக்கும் அந்த ஒரு துறைக்கே நானூறு பாடல்கள். இல்லாத ஒரு பெண்ணின் நாணத்தை நானூறு வகையாய்க் காணும் கண் அம்மரபுக்கு இருந்தது. விறலிவிடு தூதிலோ தாசி வருகிறாள், அவள் தாய்க்கிழவி வருகிறாள். இருவரும் தலைவனின் பொருளைக் கறக்கவே பிறந்தவர்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்த நாள்களில் அவற்றின் நகைச்சுவையை மிகவும் சுவைத்தேன். ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதினேன். அந்தத் தாசிக்கும் ஒரு மகன் இருந்து அவன் அரியணை கேட்டால் என்னாகும் என்று அன்று தோன்றவில்லை. புலவர் பெருமக்கள் மீது மட்டும் குறை சொல்லி ஒதுங்குவது எனக்கு நேர்மையாகாது.

அத்தகைய பெண்ணொருத்தி தானே எழுதுகோல் எடுத்தால்? பிரதாப சிங்கின் அவையைச் சார்ந்த முத்துப்பழனி தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' பாடினார். நூன்முகத்தில் தம் பாட்டியையும் அத்தையையும் போற்றித் தம் புலமை மரபைப் பெண்வழியே கூறுகிறார். அரசர் கொடிவழிகளில் வெற்றிடமாகிய பகுதியையே அவர் எழுதி நிரப்பினார் என்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நூலை அச்சிட்டோர் அந்நூன்முகத்தையும் பாடல்கள் சிலவற்றையும் நீக்கிவிட்டனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவற்றை மீட்டு 1910இல் முழுமையாய்ப் பதிப்பித்தபோது, ஆபாசமென்று அரசு தடை விதித்தது. விடுதலைக் காலத்தை ஒட்டிப் பிரகாசம் அமைச்சரவையே தடையை நீக்கிற்று. சிருங்காரம் பாடிய ஆண்களின் நூல்கள் எத்தனையோ கடைகளில் விலைபோய்க்கொண்டிருந்த காலம் அது.

வழக்குமன்றங்களின் கதை தனிக்கட்டுரைக்கு உரியது. ஒன்றை மட்டும் குறிப்பேன். மிதாட்சர நெறியில் மணவழிப் பிறவாத மகனுக்குச் சூத்திரர் குடும்பமாயின் சொத்தில் பங்குண்டு. மேல்வருணமாயின் சோறும் துணியும் மட்டுமே. 1920களில் தஞ்சை அரண்மனைச் சொத்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, கத்திக் கல்யாணப் பெண்களின் பிள்ளைகளுக்குப் பங்குண்டா என்பதை அறிய, மராத்திய மன்னர் சத்திரியரா சூத்திரரா என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. சூத்திரர் என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. பிள்ளைக்குப் பங்கு கிடைக்கத் தந்தையின் வருணம் இறங்க வேண்டியிருந்தது! செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே என்று 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் கூறின. பெற்றோர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சேரும் பங்கிலும் அப்பிள்ளைக்கு உரிமையுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 1இல் தீர்ப்பளித்தது. திருமணமே நிகழாத உறவில் பிறந்த பிள்ளை இன்னும் வாயிலில்தான் நிற்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்கள் சலாபக் காலத்துக் கதை சொல்லும்போது முத்துச் சலிக்கும் சல்லடைகளைப் பற்றிச் சொல்வார்கள். அடுக்கடுக்காய்ச் சல்லடைகள்; எதில் தங்குகிறதோ அதுவே முத்தின் தரம். 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த பெருஞ்சலாபத்தைக் கண்டவர் ஒருவரிடம், ஆணிமுத்து எந்தப் பாரில் கிடைத்த சிப்பியிலிருந்து வந்தது என்று வணிகர் கேட்பார்களா என வினவினேன். அவர் சிரித்துவிட்டு, "சிப்பி அழுகிப்போன பிறகுதானே அம்மா முத்தை எடுக்கிறோம்?" என்றார். சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, பின்னரே அலசி முத்தெடுப்பர். அவர் தொழிலைத்தான் சொன்னார். நான் வீடு வந்து சேரும்வரை அவ்விடை என்னை விடவில்லை.

பருவத் தேர்வில் சேதுபதிகளின் கொடிவழியை வரைக என்று ஒரு வினா கேட்டிருந்தேன். அம்மாணவியின் விடைத்தாளில் கோடுகள் அனைத்தும் நேராகவே இருந்தன. கிழவன் சேதுபதிக்கு அருகில் காதலி நாச்சியார் என்று எழுதி, அதற்கும் அருகில் அளவெடுத்தாற்போல் இன்னொரு கட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். அக்கட்டத்திலிருந்துதான் பவானி சங்கரருக்குக் கோடு இறங்கியது. சிவப்பு மையை எடுத்து முழு மதிப்பெண் இட்டேன்.